முதலில் வண்டியை நிறுத்துங்கள்

(மட்டாஞ்சேரியில் தமிழர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரயில் பாதையில் விழுந்து கிடப்பதை அகற்றுகிறவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் வழித்தடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பயணம் செய்கிறவர்களுக்கு ரயில் என்றால் எஞ்சின், பெட்டி, நிலையம். எங்களுக்கு அது தண்டவாளம், ஜல்லி, ஓரத்து வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் சாய்ந்து நிற்கும் மரம். கேங்மேன், கீமேன், மேட்டு என்று நாங்கள் அழைக்கும் மனிதர்கள் வெயிலிலும் மழையிலும் அந்தப் பாதையில் நடந்து பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் உங்கள் வண்டி ஓடுகிறது.

குளிர்நாட்டில் இந்தத் தலைப்பைச் சொன்னால் எல்லோருக்கும் பனிதான் நினைவுக்கு வரும். நமக்கு மழை. கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. இடவப்பாதி மழை தொடங்கிய நாள் முதல் எர்ணாகுளத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் பாதைமேல் மரம் விழுந்துகொண்டே இருக்கும். விழுந்த மரத்தை வெட்டித் தள்ளுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தலைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட் மின்கம்பி. அதில் கிளை சாய்ந்திருந்தால் ஈர மரம் முழுவதும் மின்சாரம் பாய்ந்து நிற்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று தகவல் வந்த பிறகும் யாரும் கோடரியை எடுக்கக் கூடாது. அறுந்த கம்பியில் மிச்சம் இருக்கும். பக்கத்துப் பாதைக் கம்பியிலிருந்து தூண்டலால் வந்து சேர்வதும் இருக்கும். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் நீண்ட கழிகளை மாட்டி, அந்த மின்சாரத்தைத் தண்டவாளத்தில் இறக்கிய பிறகுதான் மரத்தில் கை வைக்கலாம். மழையில் நனைந்துகொண்டு, ரயில் ஏன் கிளம்பவில்லை என்று தொலைபேசியில் ஆயிரம் பேர் திட்டிக்கொண்டிருக்கும்போது, இத்தனையையும் அவசரப்படாமல் செய்ய வேண்டும். அந்த நிதானம் எவ்வளவு பெரிய திறமை என்பதை அருகில் நின்று பார்த்தவன் நான்.

மட்டாஞ்சேரியில் பேசுவதால் உங்கள் ஊர் பெயரைத் தாங்கிய நிலையத்தையும் சொல்லிவிட வேண்டும். மட்டாஞ்சேரி ஹால்ட் இருப்பது காயலுக்கு அக்கரையில், வில்லிங்டன் தீவில். ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்துக்காக ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய தீவு அது. எர்ணாகுளத்திலிருந்து வெண்டுருத்திப் பாலம் தாண்டி, இந்த ஹால்ட் வழியாகத் துறைமுக முனையம் வரை வண்டிகள் வந்த காலம் உண்டு. 2018 செப்டம்பரில் மறுபடியும் ஒரு டெமு ரயிலை விட்டுப் பார்த்தார்கள். ஆள் ஏறவில்லை, நின்றுபோயிற்று. யாரும் நடந்து பார்க்காத தண்டவாளத்தைக் கொச்சி மண் எத்தனை மழையில் விழுங்கிவிடும் என்று தெரிந்துகொள்ள அந்தப் பாதையைப் போய்ப் பாருங்கள்.

இன்றைக்கு நான் பேச வந்தது ஷொர்ணூரில் நடந்ததைப் பற்றி.

2024 நவம்பர் 2, சனிக்கிழமை. தமிழ்நாட்டில் தீபாவளி கழிந்து இரண்டாம் நாள். பிற்பகல் மூன்று மணியளவில் ஷொர்ணூருக்கு அருகே பாரதப்புழை ரயில் பாலத்தில் நான்கு பேர்மேல் கேரளா எக்ஸ்பிரஸ் மோதியது. டெல்லியிலிருந்து திருவனந்தபுரம் போகிற வண்டி. இறந்த நால்வரும் சேலம் மாவட்டத்துக்காரர்கள். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். தண்டவாளத்தில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் ஒருவர் உடல் ஆற்றுக்குள் போய்விட்டது, தேடித்தான் எடுத்தார்கள். அவர்கள் பெயரை இந்த மேடையில் சொல்லப் போவதில்லை. குடும்பங்கள் இருக்கின்றன, துக்கம் அவர்களுடையது.

அந்தப் பாலத்தின்மேல் ஒரு மனிதர் நிற்பதாக வைத்துக்கொண்டு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். 300 மீட்டருக்கு அப்பால் வரும்போது கண்ணில் பட்டால் கையில் இருப்பது பதின்மூன்று, பதினான்கு நொடி. ஸ்லீப்பர்மேல் கால் வைத்து, இடைவெளியில் கீழே ஆறு தெரிய, தோளில் சாக்கோடு ஓடுகிறவர் அந்த நேரத்தில் 40 மீட்டர் போனால் பெரிது. தரையில் என்றால் ஓரத்தில் குதித்துவிடலாம். பாலத்தில் ஓரம் கிடையாது. பழைய டீசல் எஞ்சின் வருவது தூரத்திலேயே காதில் விழும். மின்சார எஞ்சினும் புதிய பெட்டிகளும் அப்படி இல்லை, ஆற்றுக் காற்று வேறு சத்தத்தை வாரிக்கொண்டு போகும். பாலத்தில் நிற்கும் ஆளைக் காப்பாற்றக் கண்ணும் காதும் காலும் போதாது. வண்டி வராது என்று யாரோ உறுதி செய்திருந்தால் மட்டுமே அவர் பிழைப்பார்.

அப்படி உறுதி செய்யும் முறை ரயில்வேயில் இல்லையா? இருக்கிறது, நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. பாதையில் ஒரு பாறை விழுந்து கிடப்பதை மழைக்கால ரோந்துக்காரர் இரவில் பார்க்கிறார் என்று வையுங்கள். அவர் பாறையைத் தள்ளப் பார்க்கக் கூடாது. முதலில் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு வண்டி வரும் திசையில் ஓட வேண்டும். அகலப் பாதையில் 600 மீட்டர் தூரத்தில் தண்டவாளத்தின்மேல் ஒரு டெட்டனேட்டரை வைக்க வேண்டும். அது உள்ளங்கையில் அடங்கும் தட்டையான வெடி. சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநருக்குக் கேட்கும். அங்கேயும் நிற்கக் கூடாது. 1,200 மீட்டர் வரை போய், பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகளை வைக்க வேண்டும். பிறகுதான் மற்ற வேலை. வண்டியை நிறுத்துவது முதல் வேலை, தடையை அகற்றுவது இரண்டாவது வேலை என்ற வரிசை அந்த விதியிலேயே இருக்கிறது. புதிதாகச் சேரும் கேங்மேனுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த முதல் பாடங்களில் இது ஒன்று.

திட்டமிட்டுச் செய்யும் வேலைக்கும் வழி உண்டு. தண்டவாளம் மாற்றவோ, ஜல்லியைச் சலிக்கும் பெரிய இயந்திரத்தை இறக்கவோ வேண்டுமானால் பிளாக் கேட்போம். இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே வண்டி விடுவதில்லை என்று கட்டுப்பாட்டு அறை எழுதிக் கொடுப்பதுதான் பிளாக். பிளாக் தேவைப்படாத சின்ன வேலையென்றால், வண்டி வருவதைப் பார்த்து விசிலடிக்கவும் கொடி காட்டவும் ஓர் ஆளைத் தனியே நிறுத்த வேண்டும். அவர் வேறு எதையும் தொடக் கூடாது. வண்டி நெருங்கும்போது எச்சரிக்கும் ரக்‌ஷக் என்ற கைக்கருவியையும் சில பகுதிகளில் கேங்மேன்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம்.

குப்பை பொறுக்குகிறவர் இந்த ஏற்பாட்டுக்குள் எங்கே வருகிறார்? பெரும்பாலும் வருவதே இல்லை. தண்டவாளத்தை அவர் கழற்றுவதில்லை. அதனால் பாதைக்கு ஆபத்து இல்லை, பிளாக் வேண்டாம் என்று கணக்குப் போடப்படுகிறது. பாதையின் பாதுகாப்பை அளக்கும் அந்தக் கணக்கு, பாதையில் நிற்பவரின் பாதுகாப்பை அளப்பதில்லை. ஷொர்ணூர் விபத்துக்குப் பிறகு ரயில்வே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஒப்பந்தக்காரர்மேல் நடவடிக்கை என்றார்கள். பாலத்தின்மேல் போகச் சொல்லவில்லை என்றும் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். போகக் கூடாது என்பதைச் சேலத்திலிருந்து வந்த அந்த நால்வருக்குப் புரியும் மொழியில், பாலத்தின் முனையில் நின்று சொல்ல ஓர் ஆள் அங்கே இருந்தாரா என்பதே என் கேள்வி.

ஒன்றைக் கவனியுங்கள். உயிர்ப்பலி நடந்த பிறகு ரயில்வே தன்னை மாற்றிக்கொள்ளாமல் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கொங்கண் ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் எர்ணாகுளத்திலிருந்து மும்பைக்கும் டெல்லிக்கும் போகிற வண்டிகளின் வழி அது. 1998 ஜனவரியில் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. மலையைப் பிளந்து போட்ட பாதை என்பதால் மழையில் மண்ணும் பாறையும் சரிந்தபடி இருந்தன. 2003 ஜூன் 22 அன்று வைபவ்வாடி அருகே சரிந்து கிடந்த பாறைகளில் வண்டி மோதி ஐம்பதுக்கு மேற்பட்ட பயணிகள் இறந்தார்கள். மறு ஆண்டே, 2004 ஜூன் 16 அன்று, மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் பாறையில் மோதித் தடம் புரண்டு பாலத்திலிருந்து விழுந்தது. அதன் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? சரிவுகளின் கோணத்தைக் குறைத்தார்கள். பாறைமேல் இரும்பு வலை போர்த்தினார்கள். மழைக்காலத்தில் நூற்றுக்கணக்கான ரோந்துக்காரர்களை நிறுத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கால அட்டவணையையே மாற்றினார்கள். மழைக்காலம் முழுவதற்கும் தனி அட்டவணை. கனமழையில் கண்ணுக்குத் தெரியாவிட்டால் 40 கிலோமீட்டர் வேகம்தான். அதனால்தான் எர்ணாகுளத்திலிருந்து மங்களா எக்ஸ்பிரஸ் அந்த மாதங்களில் மூன்று மணி நேரம் முன்பாகவே கிளம்பிவிடுகிறது. ஒவ்வொரு வண்டியும், ஒவ்வொரு ஆண்டும், மாதக்கணக்கில் மெதுவாகப் போகிறது. அதைக் குறை சொன்ன ஒரு பயணியை நான் பார்த்ததில்லை. சற்று முன்னதாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம், முடிந்தது.

பயணிகள் இறந்தபோது நாட்டின் ஒரு பெரிய பாதையின் நேரமே மாறியது. பாதையைச் சுத்தம் செய்கிறவர்கள் இறந்தபோது ஓர் ஒப்பந்தம் மட்டும் ரத்தானது. இந்த வித்தியாசத்தைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இது நம் நாட்டில் மட்டும் இருக்கும் குறையும் அல்ல. கனடாவில் ராஜர்ஸ் பாஸ் என்றொரு கணவாய். ராக்கி மலைகளுக்கு மேற்கே, செல்கர்க் மலைத்தொடரில் இருக்கிறது. கனடியன் பசிபிக் ரயில் அந்த வழியாகத்தான் போயிற்று. பனியைச் சுழற்றி வீசும் எஞ்சின்கள் அங்கே உண்டு. முன்பக்கம் பெரிய சக்கரம் சுழன்று பனியை வெட்டித் தூரத்தில் எறியும். அந்த யோசனைக்கு 1869இல் முதலில் உருவம் கொடுத்தவர் டொரோன்டோவைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. ஆனால் மரமும் கல்லும் கலந்து வந்த பனிச்சரிவை அந்தச் சக்கரம் தின்னாது. ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கி முதலில் மரத்தை எடுக்க வேண்டும். 1910 மார்ச் 4 இரவு அப்படித்தான் இறங்கினார்கள். ஒரு பக்கத்து மலையிலிருந்து சரிந்த பனியை வெட்டிக்கொண்டிருந்தபோது எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்தது. 58 பேர் செத்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். பனியில் நின்றபடியே உறைந்திருந்த உடல்களைத் தோண்டி எடுத்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த 32 பேரைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சேலத்துக்காரர்கள் நினைவுக்கு வரவில்லை. அப்போது ஷொர்ணூர் நடந்திருக்கவில்லை. ஷொர்ணூர் செய்தியைக் கேட்டபோது அந்த 32 பேர் நினைவுக்கு வந்தார்கள். பாதையில் கிடப்பதை அள்ளும் வேலை எங்கும் வெளியூர்க்காரருக்கே போய்ச் சேருகிறது. மொழி தெரியாதவர், நிலம் தெரியாதவர், அடுத்த வண்டி எப்போது என்று உரிமையோடு கேட்க முடியாதவர் அந்த இடத்தில் நிற்கிறார். கொச்சித் தமிழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில், தோபி கானா இருக்கிறது. படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே கல்லில் துணி அடித்துக் கஞ்சி போட்டுத் தேய்க்கிறார்கள். இந்த ஊரின் அழுக்கை எடுக்கத் தமிழன் வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. அவர்களுக்கு ஒரு சங்கமும், வெயில் மழைக்கு ஒரு கூரையும் இருக்கின்றன. பாரதப்புழைப் பாலத்தில் நின்றவர்களுக்கு அதுவும் இல்லை.

ரயில்வேயின் சொந்தப் பணியாளர்கள் நிலையும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையில் ரயில் பாதுகாப்பை ஆராய்ந்த குழு 2012இல் அறிக்கை கொடுத்தது. நாலரை ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 1,600 ரயில்வே ஊழியர்கள் பணியில் இறந்ததாக அதில் இருந்தது. இப்படி இறக்கும் கேங்மேன்கள் ஒருவர், இருவர் என்று இறக்கிறார்கள். பத்திரிகையில் ஒரு பத்திச் செய்தி வரும், சில நாள் அதுவும் வராது.

இனி, அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முன்பு கழிவறை நேராகத் தண்டவாளத்தில் திறந்திருந்தது. அந்தக் கொடுமையை உயிரிக் கழிவறைகள் பெரும்பாலும் முடித்து வைத்தன. இந்த நூற்றாண்டில் ரயில்வே செய்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று என்பேன். இப்போது கீழே விழுவது நாம் எறிவது. பிரியாணி வந்த அலுமினியத் தட்டு, தண்ணீர் பாட்டில், டீக் கப். ஜன்னலுக்கு வெளியே போனதும் அது நம் கணக்கிலிருந்து போய்விடுகிறது. தண்டவாளத்தில் அது புதிய கணக்கைத் தொடங்குகிறது. ஸ்லீப்பருக்குக் கீழே ஓரடி ஆழத்துக்கு ஜல்லி போடுவது எதற்கு? வண்டியின் பாரத்தைப் பரப்பித் தரவும், மழைத்தண்ணீரை உடனே வடிய விடவும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம்தான் பாதையின் மூச்சு. பிளாஸ்டிக்கும் சேறும் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் நிற்கும். கீழே மண் குழையும். ஒவ்வொரு சக்கரமும் அழுத்தும்போது சேறு மேலே பொங்கும். அங்கே தண்டவாளம் அமுங்கத் தொடங்கும். அதனால் குப்பை பொறுக்குவது அழகுக்காகச் செய்யும் வேலை இல்லை. வண்டி கவிழாமல் இருக்கச் செய்யும் வேலை. அதைச் செய்கிறவர் பாதைப் பராமரிப்பாளரே. பதவிப் பெயர் எதுவானாலும் அவருக்கு அந்தப் பாதுகாப்பு முழுவதும் சேர வேண்டும்.

குப்பை தண்டவாளத்தோடு நிற்பதும் இல்லை. ஷொர்ணூருக்கு நான்கு மாதம் முன்பு, 2024 ஜூலை 13 அன்று, திருவனந்தபுரத்தில் தம்பானூர் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோடு என்ற கால்வாயில் இறங்கிய ஒரு துப்புரவுத் தொழிலாளி மழை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். பிளாட்பாரங்களுக்குக் கீழே இருட்டுச் சுரங்கம். உள்ளே குப்பை மலை. தீயணைப்புத் துறையும் பேரிடர் மீட்புப் படையும் தேடின. கொச்சியிலிருந்து கடற்படை முக்குளிப்போரும் போனார்கள். உடல் 15ஆம் தேதிதான் கிடைத்தது. அந்தக் குப்பை ரயில்வேயுடையதா மாநகராட்சியுடையதா என்ற வாக்குவாதம் அதன் பிறகும் ஓயவில்லை. யாருடைய குப்பை என்பதில் சண்டை இருக்கலாம். அதை எடுக்க இறங்கியவர் உயிருக்கு யார் பொறுப்பு என்பதில் சண்டைக்கு இடமே இருக்கக் கூடாது.

பிளாக் கொடுத்தால் வண்டிகள் தாமதமாகும், பாதை நெருக்கடியானது என்பார்கள். நெருக்கடி உண்மை. ஷொர்ணூர் எர்ணாகுளம் பாதை 1902இல் திறந்தபோது மீட்டர் கேஜ். கொச்சி மகாராஜா ராமவர்மா, திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றுப் பணம் சேர்த்துப் போட்ட பாதை என்று இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு நாளொன்றுக்குச் சில வண்டிகள். இன்றைக்கு இடைவெளியே இல்லை. ஆனாலும் இயந்திரத்துக்குப் பிளாக் கிடைக்கிறது. கம்பி வேலைக்குப் பிளாக் கிடைக்கிறது. அந்த நேரத்திலேயே துப்புரவாளர்களையும் இறக்கலாமே! மற்ற வேலைக்கு நின்ற வண்டி நின்றபடியே இருக்கும். கூடுதலாக ஒரு நிமிடம்கூடப் போகாது. பாலங்களை மட்டுமாவது அப்படிச் சேர்த்துவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்துவிடும். இது எனக்கு எளிதாகத் தோன்றுகிறது என்பதால் சொல்லவில்லை. பிளாக் கேட்டு எழுதியும், கிடைத்த பிளாக்கில் பத்து வேலையைக் கோத்தும் பழகிய கையால் சொல்கிறேன்.

அதற்காக ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஷொர்ணூர் பாலக்காடு கோட்டத்தில் இருக்கிறது. எர்ணாகுளம் திருவனந்தபுரம் கோட்டத்தில். இரண்டு கோட்ட மேலாளர்களுக்கும், சென்னையில் தென்னக ரயில்வே பொது மேலாளருக்கும் அது போகிறது. மூன்று கோரிக்கைகள். பாலத்திலும் குகையிலும் பிளாக் இல்லாமல் எந்த ஒப்பந்தத் துப்புரவாளரும் இறங்கக் கூடாது. மற்ற இடங்களில் விசிலும் கொடியும் பிடித்த ரயில்வே ஊழியர் ஒருவர் ஒவ்வொரு குழுவோடும் நிற்க வேண்டும். அவர் அந்தக் குழுவின் மொழி பேச வேண்டும். வேலைக்கு வந்தவர் பெயர் அன்றன்றைக்கு அருகிலுள்ள நிலையத்தில் பதிவாக வேண்டும். மனு தமிழிலும் மலையாளத்திலும் வாசலில் மேசைமேல் இருக்கிறது. படித்துப் பாருங்கள், சரியென்று பட்டால் கையெழுத்திடுங்கள். ரயில்வேயில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், கோரிக்கைகளில் நடைமுறைக்கு ஒவ்வாதது எது என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை அனுப்புவதற்குள் திருத்திவிடுகிறேன்.